தேன் இல்லாத வீடு

நீதிமன்றம் கூடுவதற்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதில் முதல் பத்து நிமிடத்தை பென்ஜமின் ஒரு கோப்பி இயந்திரத்தோடு மல்லுக்கட்டித் தொலைத்திருந்தான்.

ஜெர்மனியின் பீலெஃபெல்டிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒரு சிறிய ஊர். அதன் குழந்தைகள் ஆஸ்பத்திரி. மூன்றாம் மாடி நடைக்கூடம். இயந்திரம் காசை விழுங்கியது, கடதாசிக் கோப்பையை இறக்கியது, கோப்பியை மட்டும் தரவில்லை.

“விடு” என்றாள் சுலோஜனா.

“இல்லை அக்கா. இது கொள்கைப் பிரச்சினை.”

“தந்தாலும் குடிக்கேலாது.”

“தெரியும். இதைக் குடிக்கிற ஆக்களுக்காகத்தான் சுத்தி ஆஸ்பத்திரி கட்டியிருக்கினம்.”

சுலோஜனா சிரிக்கவில்லை. அவள் சிரிப்பது அபூர்வம். ஹனோவரில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பதினைந்து வருடம் கிருமிகளோடு வாழ்ந்தவள். மனிதர்கள் கிருமிகளைவிடக் கூடுதலாக ஒளிக்கிறார்கள் என்று கண்டபின், பீலெஃபெல்டில் ஒரு சலூனுக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தாள். பென்ஜமின் அவளுடைய ஒரே ஊழியன். முன்பு வீடு வீடாகப் பொதி கொடுத்தவன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைக்க மட்டும் செய்யும் என்று தெரிந்தவன். வேலைக்கு விண்ணப்பித்தபோது அதைத் தன் முதல் தகுதியாக எழுதியிருந்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. லவினியா வந்தாள். இருபத்தேழு வயது. கசங்கிய சட்டை, நிமிர்ந்த கழுத்து.

“ஒண்டை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், அக்கா. நான் அழமாட்டன். அழுதா குற்ற உணர்ச்சி எண்டு எழுதுகினம். அழாட்டி கல்நெஞ்சு எண்டு எழுதுகினம். பிறகு ஏன் சும்மா அழவேணும்?”

பென்ஜமினுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

விஷயம் இதுதான். அவளுடைய மகள் கம்சனாவுக்கு ஏழு வாரம். நான்கு நாட்களுக்கு முன் துணி மாதிரித் துவண்டு போன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடிவந்தாள். காய்ச்சல் இல்லை, அடி இல்லை, காயம் இல்லை. வீட்டில் லவினியாவின் நித்திரைக் குளிசை அட்டை இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நித்திரை வரவில்லை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தது. அதில் இரண்டு குளிசை இல்லை. அவள் விழுங்கியதுதான். ஆனால் சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வேறு சந்தேகம். இரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத மருந்துகளும் உண்டு என்றார்கள். அன்றிலிருந்து தாதி பக்கத்தில் நிற்காமல் தாய் பிள்ளையைத் தொடக்கூடாது. நாளை காலை பத்து மணிக்கு, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நீதிபதி முடிவு சொல்வார்.

“மச்சாள், இவரின்ர அக்கா, ஒரு வழி சொல்லுறா” என்றாள் லவினியா. “ஒரு குளிசை தெரியாமப் பாலுக்க விழுந்திட்டுது எண்டு ஒத்துக்கொள்ளட்டாம். கெதியா முடியுமாம். பிள்ளையைத் தன்ர பேரில எடுத்து வளர்ப்பாவாம். குடும்ப மானமும் போகாதாம்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“செய்யாததைச் செய்தன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது எண்டன்.”

சுலோஜனா தலையாட்டினாள். “இந்தச் சோர்வு வர முதல், முதல் முதல்ல எது மாறினது?”

லவினியா யோசிக்கவே இல்லை. “பம்பஸ் முடியேல்லை. எங்களுக்கு ஒரு கிழமைக்கு ஒரு பெட்டி போகும். போன கிழமைப் பெட்டியில பாதி அப்பிடியே கிடக்கு. பிள்ளை வெளிக்குப் போகேல்லை. எல்லாருக்கும் சொன்னன். ஒருத்தரும் அதை எழுதேல்லை.”

“பிறகு?”

“பிறகு கண். இமை பாதியில நிண்டுது. பிறகு அழுகை சின்னனாப் போச்சு, பூனைக்குட்டி மாதிரி. பிறகு பால் உறிஞ்சேல்லை. பிறகு கழுத்து நிக்கேல்லை.”

சுலோஜனாவின் விரல் அவளை அறியாமலே தன் கண்ணிமையைத் தொட்டது, கன்னத்தைத் தொட்டது, தொண்டைக்கு இறங்கியது.

“படி இறங்கி வந்திருக்கு” என்றாள். “குளிசை படி இறங்காது. அது வீடு முழுக்க ஒரேயடியா லைற்றை அணைக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “கடைசி ஒரு மாசத்தில பிள்ளையை எங்கேயும் வெளியில கொண்டு போனனீரோ?”

“இல்லை. பிள்ளை பிறந்த முப்பத்தொண்டாம் நாள் சடங்கு அண்டைக்கு மட்டும் மாதா கோயிலுக்கு.”

இவ்வளவு நேரமும் இரண்டு பேருடைய கண்ணையும் நேரே பார்த்துப் பேசியவள், அந்த ஒரு வசனத்தை மட்டும் கோப்பி இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். பென்ஜமின் அதைக் கவனித்தான். சுலோஜனா கவனித்ததையும் கவனித்தான்.

அதற்குள் அலுவலகப் பெண்கள் இருவர் வந்துவிட்டார்கள். மதியம் வரை விசாரணை. லவினியா கைப்பேசியை அணைத்து அவர்களிடம் நீட்டிவிட்டு, முன்னால் நடந்தாள். அவர்கள்தான் அவளுக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது.

பிள்ளையைப் பார்ப்பவள் லிசா என்ற இளம் மருத்துவர். கண்ணுக்குக் கீழே இரண்டு இரவு கறுத்திருந்தது. சுலோஜனா ஜெர்மனில் கேட்டாள்: “நீங்கள் பொட்டுலிசத்தை, அந்தக் கிருமி நஞ்சை, யோசிக்கவில்லையா?”

லிசா கதவைச் சாத்தினாள்.

“முதல் நாளே யோசித்தேன். தேன் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அம்மா அப்போது அலுவலகக்காரர்களோடு உள்ளே இருந்தார். அப்பாவும் அத்தையும் சொன்னார்கள், வீட்டில் தேனே இல்லையென்று. எங்கள் பிரிவுத் தலைவர், பேராசிரியர், அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். மாதிரி அனுப்பியிருக்கிறேன், பதில் வர நாட்கள் ஆகும்.”

“மருந்து இருக்கிறதா?”

“இங்கே இல்லை. கடல் தாண்டி வர வேண்டும். வந்து சேர்ந்தால் பிள்ளைகள் எழும்பிவிடுகிறார்கள், மெதுவாக, ஆனால் முழுதாக. பிந்தினால்...” அவள் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். சிறிய மார்பு ஏறியது, நீண்ட நேரம் யோசித்துவிட்டு இறங்கியது. “இன்றைக்குள் மூச்சுக்குழாய் போட வேண்டி வரலாம். பேராசிரியரை அசைக்க எனக்கு ஒரு வாய்ச்சொல் போதும். இந்தப் பிள்ளையின் வாய்க்குள் தேன் போனது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.”

“மதியத்துக்குள் கொண்டு வருகிறேன்” என்றாள் சுலோஜனா.

கார் ஓடத் தொடங்கியதும் பென்ஜமின் கேட்டான். “தேன் நல்ல சாமான் எல்லோ அக்கா? நான் சின்னனில போத்திலோட குடிச்சனான்.”

“தேனில சிலநேரம் ஒரு கிருமியின்ர வித்தி இருக்கும். வித்தி எண்டா விதை மாதிரி. சாப்பாடு இல்லாத காலத்தில கிருமி தன்னைச் சுருட்டி ஓட்டுக்குள்ள வச்சுக்கொண்டு படுத்திடும். கொதிக்க வச்சாலும் சாகாது. காய வச்சாலும் சாகாது. வருஷக் கணக்கா அசையாமக் கிடக்கும்.”

“எங்கட சங்கத் தலைவர்.”

“நீயும் நானும் திண்டா ஒண்டும் நடக்காது” என்று அவள் தொடர்ந்தாள். “எங்கட குடலில பித்தநீரில இருந்து வாற சில பொருளுகள் ‘படு, எழும்பாதை’ எண்டு அதைப் படுக்க வச்சிடும். மற்றக் கிருமிகளும் இடம் விடாது. பச்சைப் பிள்ளையின்ர குடலில அந்தக் காவல் இன்னும் வந்திருக்காது. அங்க அது முளைச்சிடும். முளைச்சாப் பிறகுதான் நஞ்சு.”

“எழும்பு எண்டு சொல்லுறது ஆர்?”

“அதுவும் ஒரு பொருள்தான். அலனின் எண்டு ஒண்டு இருக்கு, புரதத்தில வாறது. வித்தியின்ர பூட்டுக்கு அது திறப்பு. ஆனா அலனினுக்கு ஒரு கண்ணாடி விம்பமும் இருக்கு. அதே அணு, அதே எடை. இடக்கைக்கும் வலக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான். நான் லாப்பில பார்த்த வித்திகளில அந்த விம்பமும் பூட்டுக்குள்ள வடிவாப் போகும். திரும்பாது. அது உள்ள இருக்கும் மட்டும் சரியான திறப்பும் போகேலாது.”

பென்ஜமின் ஒரு சிவப்பு விளக்கில் நின்றான். “சரி. ஆனா எல்லாரும் தேன் குடுக்கேல்லை எண்டு சத்தியம் பண்ணுகினமே.”

“எல்லாரும் உண்மையைத்தான் சொல்லுகினம். எங்கட கேள்விதான் கண்ணாடி விம்பம். உள்ள போகுது, திரும்புதில்லை.”

அவனுக்கு விளங்கவில்லை. பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது.

லவினியாவின் வீட்டுக் கதவைத் திறந்தவள் குணேஸ்வரி, அவள் கணவன் தாரகனின் அக்கா. தம்பியைத் தாய்க்குத் தாயாய் வளர்த்தவள். அவன் தானாகவே ஒரு மன்னார்க் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டபோது பெரிய மனது பண்ணி மன்னித்தவள். மன்னித்ததை யாரும் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்பவள்.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ.”

பென்ஜமினின் காலுறையில் ஓட்டை இருந்தது. அவன் அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கொக்குப் போல உட்கார்ந்தான். தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வரவில்லை. பிஸ்கட் இல்லாத தேத்தண்ணிக்கு எங்கள் சனத்தில் ஓர் அர்த்தம் உண்டு: கெதியாகப் போங்கோ.

“குணேஸ் அக்கா, பிள்ளைக்குத் தேன் குடுத்தனீங்களோ?” என்றாள் சுலோஜனா.

“இதையேதான் அந்த டொக்டர்ப் பிள்ளையும் கேட்டது. இல்லை எண்டா இல்லை. இந்த வீட்டில எல்லாருக்கும் சீனி வருத்தம். அலுமாரி முழுக்கத் தேடிப்பாருங்கோ, தேன் எண்டு ஒரு சொட்டு இருந்தா என்னைக் கேளுங்கோ. தாய்ப்பாலைத் தவிர வேற ஒண்டும் ஒருத்தரும் குடுக்கேல்லை.”

“நம்பிறன்.”

சுலோஜனா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள். கோப்பையை வைத்தாள். அவசரமே இல்லாத குரலில் கேட்டாள்:

“பிள்ளையின்ர நாக்கில ஆர் தொட்டு வச்சது?”

குணேஸ்வரியின் கை கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

பென்ஜமினுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கொடுப்பது வேறு, தொட்டு வைப்பது வேறு. கொடுப்பது சாப்பாடு. தொட்டு வைப்பது சாப்பாடே இல்லை; பொன் மோதிரத்தைத் தேனில் தோய்த்துப் பிள்ளையின் நாக்கில் ஒரு முறை ஒற்றி எடுப்பது. யார் ஒற்றினார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அவன் கத்தோலிக்கன். ஞானஸ்நானம் கொடுத்ததை யாரும் ‘பிள்ளையைக் குளிக்க வார்த்தோம்’ என்று சொல்வதில்லை. அதே மாதிரித்தான் இதுவும். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று ஆயிரம் தரம் கேட்டாலும் ஒருவரும் இதைச் சொல்லப்போவதில்லை.

“அதைக் கேக்காதேங்கோ” என்றாள் குணேஸ்வரி. குரல் மாறியிருந்தது.

“கேக்கத்தான் வேணும், அக்கா.”

“அது என்ர உரிமை. தேப்பனின்ர மூத்த சகோதரி நான். முப்பத்தொண்டு அண்டைக்கெண்டு ஒரு சின்னப் போத்தில் தேனும் வாங்கி, அம்மான்ர மோதிரத்தையும் கழுவித் துடைச்சு வச்சுக்கொண்டு நிண்டனான். சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிக்குது. லவினியா பிள்ளையை அணைச்சுக்கொண்டு சொல்லுறா, ‘வேண்டாம் மச்சாள், வெளிச் சாமான் ஒண்டும் வாயில வைக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.’ எல்லாருக்கும் முன்னால. நான் போத்திலைத் திறக்கவே இல்லை. அண்டைக்கே பக்கத்து வீட்டு ஜேர்மன் மனிசிக்குக் குடுத்திட்டன்.”

“அந்த மனிசிக்கு இப்ப உங்கட குணம் வந்திருக்குமோ, அக்கா?” என்றான் பென்ஜமின்.

“தம்பிக்குத் தேத்தண்ணி காணும் போல” என்று சொல்லி, பாதி குடித்த கோப்பையைக் குணேஸ்வரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பென்ஜமின் தாழ்ந்த குரலில் சொன்னான்: “முடிஞ்சுது அக்கா. இவதான் எண்டு நான் பந்தயம் கட்டத் தயாரா இருந்தன். இவவையே தொட விடேல்லை எண்டா, வேற ஆர்?”

“ஏன் தொட விடேல்லை எண்டு யோசி.”

“டொக்டர் சொன்னவராம்.”

“எந்த டொக்டர்? தேன் வேண்டாமெண்டு ஒரு டொக்டர் முந்தியே சொல்லியிருந்தா, லவினியா இந்த நாலு நாளும் தேனைப் பற்றித்தான் கத்தியிருப்பா. பம்பஸ் பெட்டியையே விடாமச் சொல்லுற ஆள். அவவுக்குத் தேனில பயம் இல்லை. குணேஸ் அக்காவின்ர விரலை மறிக்க ஒரு சாட்டு வேணும், சொல்லிப்போட்டா. சாட்டு உண்மையாப் போச்சு. அவவுக்கே அது தெரியாது.”

லவினியாவின் அறையில் ஒரு மாதா சொரூபம் இருந்தது. குணேஸ்வரி அனுமதித்த இடம்: அலுமாரியின் மேல் தட்டு, சாமிப்படங்களுக்கு எதிர்ச் சுவர். சொரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுதிரி. சுலோஜனா அதைக் கையில் எடுத்தாள். கடும் மஞ்சள். தகடாக இருந்ததைக் கையால் சுருட்டியது போல இருந்தது. மேலெல்லாம் சின்னச் சின்ன அறுகோணம். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு பென்ஜமினிடம் நீட்டினாள்.

அவன் முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பான். தேன்.

“தேன் இல்லாத வீட்டில தேன்கூட்டு மெழுகு” என்றாள் சுலோஜனா. “குணேஸ் அக்கா, இந்தத் திரி எங்கால?”

வாசலில் நின்ற குணேஸ்வரி அலட்சியமாகப் பார்த்தாள். “அவள் கோயிலால கொண்டு வந்தது. முப்பத்தொண்டு அண்டைக்குச் சனம் போனாப் பிறகு, பிள்ளையை ஆசீர்வதிச்சுக்கொண்டு வாறன் எண்டு தனிய வெளிக்கிட்டவள். சொன்னாக் கேட்டாத்தானே.”

“அண்டைக்கு என்ன கிழமை?” பென்ஜமின் கேட்டான்.

“திங்கள்.”

“அப்ப கோயிலுக்குப் போகேல்லை. இந்த ஊரில திங்களில கோயில் பூட்டு. ஃபாதருக்கு லீவு. ஆண்டவருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கினம் எண்டு நினைக்கிறன். நான் சின்னனில இருந்து பீடத்தில உதவி செய்தவன், அக்கா. எங்கட திரி எல்லாம் பெட்டியில வாற வெள்ளைத் திரி. சாகிற மட்டும் முகர்ந்தாலும் மணக்காது.”

சுலோஜனா அவனைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். அவளிடமிருந்து அது ஒரு மாதச் சம்பளத்துக்குச் சமம்.

“இந்தப் பக்கத்தில லவினியாவின்ர ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்று கேட்டாள்.

குணேஸ்வரி கதவு நிலையில் சாய்ந்தாள். “தாய் தேப்பன் திரும்பி மன்னாருக்குப் போட்டினம். ஒரு தமக்கை இருக்கிறாள். தேனீ வளர்க்கிறாள் எண்டு கேள்வி, எங்க எண்டு நாங்கள் கேக்கிறேல்லை. அவளின்ர பேரும் இந்த வீட்டில எடுக்கிறேல்லை.”

“ஏன்?”

“கட்டினவனைக் கோட்டுக் கூண்டில ஏத்தினவள். தேப்பன், சித்தப்பன், சம்பந்தப் பகுதி எல்லாரும் ஒரு பக்கம் நிண்டு, வேண்டாம் பிள்ளை, வீட்டுக்க பேசித் தீர்ப்பம் எண்டினம். கேக்கேல்லை. தனிய ஏறி நிண்டு எல்லாத்தையும் சொன்னவள்.”

“அவன் அடிச்சவனோ?”

“அடிச்சவன்தான். அதுக்கு?”

பென்ஜமின் ஓட்டைக் காலுறையை மறைக்க மறந்து இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

“தம்பியின்ர கலியாணத்துக்கு நான் சம்மதிக்கேக்க ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்” என்றாள் குணேஸ்வரி. “அவள் எங்கட வீட்டுப் பிள்ளைகளைத் தொடக்கூடாது. அவன் லவினியாட்டை வாக்கு வாங்கி எனக்குத் தந்தவன்.” அவள் சுலோஜனாவின் கையிலிருந்த திரியைப் பார்த்தாள். இந்தத் தரம் அலட்சியமாக அல்ல. பிறகு கொக்கியில் தொங்கிய குளிர்ச்சட்டையை எடுத்தாள். “நானும் வாறன். அது என்ர தம்பியின்ர பிள்ளை.”

அவர்கள் திரும்பி வந்தபோது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூட்டம் கூடியிருந்தது. பிள்ளையின் கட்டிலருகே ஒரு செயற்கைச் சுவாச இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். இன்னும் பூட்டவில்லை. லிசா ஒரு கையில் தொலைபேசியோடு நின்றாள். தாரகன் சுவரோடு சாய்ந்திருந்தான்; பாண் வண்டி ஓட்டுகிறவன், வேலையிலிருந்து நேரே வந்திருந்தான், சப்பாத்தில் மா இருந்தது. விசாரணை முடிந்து வந்த லவினியா கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தாள், பிள்ளையை அல்ல. தாதி பக்கத்தில் நின்றாள்.

சுலோஜனா சுற்றி வளைக்கவில்லை.

“லவினியா, பிள்ளைக்கு நஞ்சு குளிசையில இருந்து வரேல்லை. தேனில இருந்து வந்திருக்கு.”

“தேனோ?” லவினியா திரும்பினாள். “எங்களுக்கு அது நல்லதெல்லோ?”

“எங்களுக்கு. இந்த வயசுக்கு இல்லை.”

“அக்கா, அது ஒரு சொட்டுக்கூட இல்லை. மோதிரத்தின்ர நுனியில...”

நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. தாரகன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான்.

லவினியா பிள்ளையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். சுலோஜனா அருகே போய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “அதைப் பிறகு யோசிக்கலாம். மருந்து இருக்கு. சொன்னால் வரும்.” லிசாவுக்கு அவளே ஜெர்மனில் ஒரு வரியில் சொன்னாள். லிசா ஏற்கெனவே எண்களை அழுத்தத் தொடங்கிவிட்டாள்.

“பேராசிரியர் இரண்டு கேள்விதான் கேட்பார்” என்றாள் லிசா, தொலைபேசியைக் காதில் வைத்தபடி. “எந்தத் தேன், யார் வைத்தது. அந்தப் போத்தலும் எனக்கு வேண்டும். பெயர் சொல்லுங்கள்.”

குணேஸ்வரி முந்திக்கொண்டாள். தமிழில், தாழ்ந்த குரலில்.

“கடையில வாங்கினது எண்டு சொல்லு, பிள்ளை. நீயே வச்சனீ எண்டு சொல்லு. தேன் எண்டு சொல்லியாச்சு, மருந்து வரும், அது காணும். நாளைக்குக் கோட்டில நாங்கள் எல்லாரும் உன்னோட நிப்பம். அந்தப் பேரை மட்டும் இஞ்ச எடுக்க வேண்டாம்.”

சுலோஜனா ஏதாவது சொல்வாள் என்று பென்ஜமின் எதிர்பார்த்தான். அவள் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். பூட்டுக்குள் சரியான திறப்பு போய்விட்டது. இனித் திருப்ப வேண்டியது வேறு ஒருவர்.

“நீ எனக்கு வாக்குத் தந்தனீ” என்றான் தாரகன். அவன் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது.

“ஓம். தந்தனான்.” லவினியா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். “கேட்டிருக்கக் கூடாத வாக்கு. தந்திருக்கவும் கூடாது.”

“லவினியா...”

“பொறுங்கோ. மச்சாள், நீங்கள் அண்டைக்கு மோதிரத்தோட நிண்டனீங்கள். நீங்கள் கூடாத ஆள் இல்லை. ஆனா சனம் என்ன சொல்லும், குடும்பம் என்ன சொல்லும் எண்டு காது குடுத்துக் குடுத்து நடக்கிற ஆள். அந்தக் குணம் என்னட்டையே தேவைக்கு மேல கிடக்கு. இல்லாட்டி ஏன் கோயிலுக்குப் போறன் எண்டு பொய் சொன்னனான்? என்ர பிள்ளைக்கு அது வேண்டாம் எண்டு நினைச்சன். எல்லாரும் ஒரு பக்கம் நிக்கேக்க, மற்றப் பக்கம் தனிய நிண்டு நடந்ததைச் சொல்லுறதுக்கு ஒரு நாக்கு வேணும். அந்த நாக்கைத்தான் கேட்டுப் போனனான்.”

இயந்திரத்தின் அருகே நின்ற தாதி நேரத்தைப் பார்த்தாள். லிசாவின் காதில் யாரோ ‘ஹலோ’ என்றார்கள். குணேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

“இப்ப அதே நாக்கால பொய் சொல்லச் சொல்லுறியள்” என்றாள் லவினியா. “தேன் வச்சது என்ர பிழை. நான் கேட்டு, நான் பிடிச்சுக்கொண்டு நிக்க வச்சது. அதை நாளைக்கு நீதிபதிக்கும் சொல்லுவன். ஆனா அந்த ஆளை ஒளிக்கமாட்டன். அவ ஒளிக்க வேண்டிய ஆள் இல்லை.”

அவள் லிசாவின் பக்கம் திரும்பினாள். ஜெர்மனில் தொடங்கியவள், பாதியில் நிறுத்தி, அந்த அறையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“பிறேமா. என்ர அக்கா பிறேமா.”